இணையான முட்டுச்சந்து

அக்கா வீட்டுக் குளியலறையில் தண்ணீர் கீழே போவதற்குப் பதிலாக மேலே வர ஆரம்பித்தபோது அத்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முன்னால் எடுக்க வேண்டிய வண்டியைப் பின்னால் எடுப்பதை வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகியவர் என்பதால், சாக்கடையும் கொஞ்சம் பின்னால் வந்துவிட்டுத் தானாகவே திருந்திவிடும் என்று நம்பினார். மறுநாள் அது கூடத்துக்கு வந்தது. அதற்கு மறுநாள் அக்காவும் அத்தானும் பெட்டி படுக்கையோடும் ஒரு மேசை விசிறியோடும் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தங்கையை அவள் வேலை செய்யும் இடத்தில் வரைபடக்காரி என்பார்கள். பல வருஷம் சமையலறை அலமாரிகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவள். அந்தக் கடை மூடப்பட்டதும், தெருத் தோண்டும் வேலைகளை ஒப்பந்தம் எடுக்கிற ஒருவரிடம் சேர்ந்திருந்தாள். அவர் ஒரு காலத்தில் கொத்து வேலை பார்த்தவர். அதனால் இன்றும் எல்லோருக்கும் மேஸ்திரிதான்.

வரைபடக்காரியின் வீட்டில் இரண்டே அறைகள். வந்த அன்று மாலையே ஜன்னலோர நாற்காலி அத்தானுடையதாகிவிட்டது. சமையலறை அக்காவுடையதாகிவிட்டது. உப்பு எங்கே இருக்கிறது என்று தன் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை வரைபடக்காரிக்கு. அவள் கணவர் வாய்ச்சண்டைக்குக்கூடப் போகாத மனிதர். தலையணையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குக் குடிபெயர்ந்தார்.

ஆகவே, அக்கா வீட்டுச் சந்தில் உடைந்த கழிவுநீர்க் குழாயை மாற்றும் வேலை தங்கள் மேஸ்திரிக்கே வந்திருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள்.

“நாளா?” என்றார் மேஸ்திரி. “காலையில தோண்டினா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி மூடிடலாம். நீ அந்தப் போக்குவரத்துப் படத்த மட்டும் போட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வா.”

நகரத்தில் எந்தத் தெருவைத் தோண்டுவதானாலும், தோண்டும்போது வண்டிகள் எப்படிப் போகும், எப்படி வரும், எங்கே பலகை வைப்பது, எங்கே தடுப்பு நிறுத்துவது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டி, போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் திட்டப் பிரிவில் ஒப்புதல் வாங்க வேண்டும். திட்டப் பிரிவு ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் வாசலில் நுழைந்ததுமே ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாக நின்று வழிகாட்டின. நேர் எதிரே தெரிந்த படிக்கட்டில் தடுப்பு வைத்திருந்தார்கள். படிக்கட்டு நன்றாகத்தான் இருந்தது. அம்புக்குறியைப் பின்பற்றி, ஆவண அறை, சாப்பாட்டு அறை, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் தரிசித்துவிட்டு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக அவள் மாடிக்குப் போனாள். படிக்கட்டில் என்ன பழுது என்று காவலரிடம் கேட்டதற்கு, பழுது ஒன்றும் இல்லை, படிக்கட்டை மூடிய திட்டம் இன்னும் காலாவதி ஆகவில்லை என்றார்.

பிரிவு அலுவலர் மரியாதையான மனிதர். அவளை உட்காரச் சொன்னார். படத்தை மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு சின்னக் கூம்புகளை வைத்தார். சந்து, இருபுறமும் வீடுகள், கடைசியில் ஒரு சுவர். எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், வாகன எண்ணிக்கை என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

“ஒரு வண்டிகூட இல்லையா?”

“முட்டுச்சந்து சார். கடைசியில சுவர். திருப்பறது கஷ்டம்னு அங்க இருக்கறவங்களே வண்டிய வெளியிலதான் நிறுத்தறாங்க.”

“அப்ப நீங்க எதைம்மா கட்டுப்படுத்தப் போறீங்க?”

கட்டுப்படுத்த ஒன்றும் இல்லை, அதனால் திட்டம் இல்லாமலே தோண்டிக்கொள்ளலாமா என்று அவள் பணிவாகக் கேட்டாள். திட்டம் இல்லாமல் தோண்டுவது குற்றம் என்றார் அவர். அப்படியானால் இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுங்கள் என்றாள். அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது.

“நான் இருபது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். கட்டுப்பாடு இல்லாத போக்குவரத்து வரும், அதச் சமாளிச்சுடுவேன். போக்குவரத்தே இல்லாத கட்டுப்பாட்டுக்கு எப்படிம்மா கையெழுத்துப் போடறது? இது வெளிய தெரிஞ்சா, வண்டியே இல்லைன்னாலும் எங்க வேலை நடக்கும்னு ஜனங்க புரிஞ்சுக்க மாட்டாங்களா?”

எண்ணியது யார் என்று அவர் கேட்டார். தானே ஒரு நாள் முழுக்க நின்று எண்ணியதாகச் சொன்னாள். அவர் ஆறுதலாகச் சிரித்தார். பயிற்சி இல்லாதவர்கள் எண்ணினால் வண்டி கண்ணில் படாது. எல்லாத் தெருவிலும் போக்குவரத்து இருக்கத்தான் செய்யும், தேட வேண்டும், தங்கள் ஆளையே அனுப்புகிறேன் என்றார்.

அன்று மாலை அவள் வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினாள். பால்கனியிலிருந்து கணவர் ஒரு பெருமூச்சு விட்டார். எத்தனை நாளானாலும் தங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று அக்கா சொன்னாள். அத்தான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“வண்டிதானே வேணும்?” என்றார்.

எண்ணுகிறவர் வந்த நாளில், சந்தின் முனையில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் அமுக்குகிற எண்ணும் கருவியோடு உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டார். வரைபடக்காரி தயங்கித் தயங்கிக் காரணம் கேட்டாள். வண்டியைப் பார்த்தால் நிறத்திலும் முகத்திலும் மனம் போய் எண்ணிக்கை தப்பிவிடும் என்றும், அனுபவஸ்தர்கள் எஞ்சின் கிளம்பும் சத்தத்தை வைத்துத்தான் எண்ணுவார்கள் என்றும் அவர் விளக்கினார்.

அத்தானின் பயிற்சி வண்டிகள் ஒவ்வொன்றாகச் சந்துக்குள் நுழைந்தன. முதலில் வந்தது ஒரு தையற்காரப் பெண்மணி. உள்ளே பாதி தூரம் போனார், வண்டி நின்றுவிட்டது. கிளப்பினார். குலுங்கிக்கொண்டு நாலடி போய் மறுபடி நின்றது. சுவரைத் தொடுவதற்குள் பதினைந்து முறையாவது நின்றிருக்கும். அதன்பிறகு அவர் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. எண்ணுகிறவரின் கட்டைவிரல் ஓயவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பல் மருத்துவர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஏற்கெனவே மூன்று தடவை தேர்வில் தோற்ற ஒரு வக்கீல். மத்தியானத்துக்குள் எண்ணுகிறவர் கண்ணைத் திறந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு தெருவைக் கேட்டதில்லை என்றார்.

விதிப்படி சிலரிடம் எங்கே போகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். தையற்காரப் பெண்மணியின் வண்டி வசமாக எதிரே நின்றுபோனபோது அவரிடம் கேட்டார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த அந்த அம்மாள், “எனக்கே தெரியலீங்க” என்றார். எண்ணுகிறவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து வரைபடக்காரி நம்பிக்கையோடு திட்டப் பிரிவின் பின்பக்கப் படிக்கட்டில் ஏறினாள். பிரிவு அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார். அகலத்தோடு ஒப்பிட்டால் நகரத்திலேயே அதிக நெரிசல் உள்ள சாலை அவளுடைய சந்துதான் என்று வாழ்த்தினார். எண்ணுகிறவர் இரண்டு நாள் மருத்துவ விடுப்பில் இருக்கிறாராம், கட்டைவிரல் வீங்கிவிட்டது.

“அப்ப ஒப்புதல் கொடுத்துடலாமா சார்?”

“எப்படிம்மா முடியும்? இவ்வளவு வண்டி போற ரோட்ட எப்படி மூடறது?”

மாற்றுப் பாதை காட்டினால் மூடலாமாம். முட்டுச்சந்துக்குப் போகிறவர்களுக்கு எதைச் சார் மாற்றுப் பாதையாகக் காட்டுவது என்று அவள் கேட்டாள். அவர் எழுந்துபோய் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மாடிக்கு வழி தேடி ஒரு கிழவர் அலைந்துகொண்டிருந்தார்.

“யோசிச்சுப் பாருங்க. இவ்வளவு பேரு தினமும் அந்தச் சந்துக்குள்ள போறாங்க. ஏன் போறாங்கன்னு அவங்களுக்கே தெரியல, அறிக்கையில இருக்கு. போயி சுவத்தப் பாக்கறாங்க. திரும்பி வராங்க. அது அவங்களோட பழக்கம், உரிமை. அத நாம மூடினா, அதுக்கு இணையான இன்னொரு முட்டுச்சந்தக் காட்டறதுதான் நியாயம். வேற எங்கயாவது போற ரோட்டுல கொண்டுபோய் விட்டா அவங்க என்ன ஆவாங்க?”

படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் வீட்டில் ஜன்னலோர நாற்காலியும் பால்கனித் தலையணையும் இருந்தன. அவள் நகரம் முழுக்க முட்டுச்சந்து தேடக் கிளம்பினாள்.

முட்டுச்சந்துகளிலும் இத்தனை ரகம் இருக்கும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை. சிலது முட்டுச்சந்து மாதிரி இருந்து கடைசியில் ஏமாற்றிப் பெரிய சாலைக்குக் கொண்டுபோய் விட்டது. சிலதில் சுவர் இருந்த இடத்தில் வேலிதான் இருந்தது. வேலி இணையாகாது என்று பிரிவு திருப்பி அனுப்பியது. கடைசியில், அக்கா வீட்டுச் சந்து வந்து சேரும் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஓர் அச்சகத்தின் பின்னால், அதே அகலமும் ஏறக்குறைய அதே உயரச் சுவரும் கொண்ட ஒரு சந்து கிடைத்தது. அவள் நாடா வைத்து அளந்துகொண்டிருந்தபோது அங்கே குடியிருந்த ஒரு பெரியவர் வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். உங்கள் சுவர் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவர் பூரித்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே அதைக் குடித்துவிட்டு நாடாவைச் சுருட்டினாள்.

திட்டம் பிரிவின் ஒப்புதல் குழுவின் முன்னால் போனது. நீள மேசையைச் சுற்றி அதிகாரிகள், தலைமை இடத்தில் பிரிவின் இயக்குநர். அவர் பேசுவதற்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

“இந்தப் பிரிவு என்ன செய்யுதுன்னு வெளியில கேக்கறாங்க. பெருமையாச் சொல்றேன், போன வருஷம் நாம ஒப்புதல் கொடுத்த எந்த வேலையிலயும் ஒரு விபத்துகூட நடக்கல. ஏன்னா ஒரு வேலைகூட இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிச்சிருந்தா நம்ம திட்டங்களோட தரம் கெட்டிருக்கும். குழி வரும், போகும். திட்டம்தான் நிக்கணும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு கூம்புகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். நெரிசல் அதிகமுள்ள சாலைக்கு எவ்வளவு நீளம் கூம்பு நிறுத்த வேண்டும் என்று விதி இருந்தது. அந்த நீளம் சந்தின் நீளத்தைவிடப் பெரியது. சந்து போதவில்லை என்றால் அது சந்தின் குறை என்று ஓர் அதிகாரி சொன்னார். எனவே கூம்பு வரிசை சுவரில் தொடங்கி, சந்தை முழுக்க அடைத்து, வெளியே வந்து, பெரிய சாலையில் ஒரு வளைவு வளைந்து முடிவதாகத் தீர்மானமாயிற்று. படத்தில் அது பார்க்க அழகாகவே இருந்தது. சமையலறை அலமாரிகளில் இப்படி ஒரு வளைவு தனக்கு அமைந்ததே இல்லை என்று வரைபடக்காரிக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தயங்கிக் கையைத் தூக்கினாள்.

“சார், தோண்டற பொக்லைன் எங்க நிக்கும்?”

“அது எதுக்கு?” என்றார் இயக்குநர்.

“தோண்டறதுக்கு.”

சாப்பாட்டுப் பந்தியில் யாரோ வாந்தியைப் பற்றிப் பேசிவிட்டதுபோல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “தோண்டறது உங்க சொந்த விஷயம்” என்றார். திட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

வேலை தொடங்கும் நாள் காலையில் பெரிய சாலையில் பலகைகள் முளைத்தன. முன்னே வேலை நடக்கிறது, மாற்றுப் பாதையில் செல்லவும் என்று எழுதி, அச்சகத்துச் சந்தை நோக்கி ஒரு பெரிய அம்பு. பிரிவிலிருந்து ஒரு கொடிக்காரர் வந்து நின்றார். வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்க்கொண்டிருந்த ஜனங்கள் கூம்பு வளைவைப் பார்த்தார்கள், அம்பைப் பார்த்தார்கள், அம்பு சொன்னபடி திரும்பினார்கள். நல்ல ஜனங்கள். போய்ச் சுவரைப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களைத் திரும்ப விடவில்லை.

மேஸ்திரியின் பொக்லைன் வந்தபோது கொடிக்காரர் சிவப்புக் கொடியைக் காட்டினார். வேலையே தான்தான் செய்யப்போவதாக எந்திரக்காரர் கத்திச் சொன்னார். அது வண்டியா இல்லையா என்று கொடிக்காரர் திருப்பிக் கேட்டார். வண்டிதான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டியெல்லாம் அந்தப் பக்கம் என்று கொடிக்காரர் அம்பைக் காட்டினார். எந்திரக்காரர் வேலைக்குப் புதுசு. சந்துக்குள் நேராகப் போனால் ஒரு சுவர் வரும், சுவருக்கு நாலடி முன்னால் தோண்டு என்று மேஸ்திரி முந்தின நாள் சொல்லியிருந்தார். எந்திரக்காரர் அம்பு காட்டிய வழியில் போனார். வழிவிடச் சொல்லி மல்லாடி உள்ளே நுழைந்தார். சுவர் இருந்தது. நாலடி முன்னால் தோண்டினார். சற்று நேரத்தில் அச்சகத்துச் சந்தில், அதுவரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கழிவுநீர்க் குழாய், ஒரு மர உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது.

இது தெரியாமல், அதன்பிறகு வந்து சேர்ந்த மேஸ்திரியும் வரைபடக்காரியும் அக்கா வீட்டுச் சந்து முனையில் பொக்லைனுக்காகக் காத்திருந்தார்கள். வெகு நேரம் பார்த்துவிட்டு மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு ஆட்களையும் கடப்பாரை மண்வெட்டியையும் கூட்டிக்கொண்டு நடந்தே உள்ளே போனார். நடந்து போகிறவர்களுக்குக் கொடிக்காரரிடம் கொடி இல்லை. கூம்பை மட்டும் தொடக் கூடாது என்றார். அதனால் கூம்பு நின்ற இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டினார்கள். ஆளுயரக் குழியின் நடுவே ஒரு மண்தூண் நின்றது. அதன் உச்சியில் கூம்பு. வரைபடக்காரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடை கூடையாக மண் சுமந்தாள். தோள் வலித்தது; ஆனாலும் இத்தனை வாரத்தில் அன்றுதான் அவளுக்குச் சரியாக மூச்சு வந்தது. குழாய் மாற்றி, மண் தள்ளி, குழியை மூடியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூடத் தாண்டவில்லை.

அன்று மாலையே அக்கா தன் வீட்டைக் கழுவிவிடப் போய்விட்டாள். மறுநாள் அத்தானும் மேசை விசிறியும் போனார்கள். கணவர் பால்கனியிலிருந்து திரும்பி, இரண்டு அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஜன்னலோர நாற்காலியில் ஓசைப்படாமல் உட்கார்ந்தார்.

இரண்டு நாளில் திட்டப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. கையால் தோண்டிய விஷயம் தெரிந்துவிட்டது, வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு அவள் போனாள். அங்கே இயக்குநரே காத்திருந்தார். பிரிவு அலுவலர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“நகரத்துலயே நெரிசல் அதிகமான சாலை அது” என்றார் இயக்குநர். “திட்டம் அமலுக்கு வந்த நாள்ல இருந்து அங்க ஒரு வண்டிகூடப் போகல. முழுக் கட்டுப்பாடு. இந்தப் பிரிவோட சரித்திரத்துல இப்படி ஒரு வெற்றி கிடையாது.”

குழாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டது வேறு வேலைக்கு. அச்சகத்துச் சந்தில் குழாய் உடைந்துவிட்டதாம். அதை மூடித் தோண்ட வேண்டும். அதற்கும் அவளே படம் போட வேண்டுமாம்.

“உங்களுக்கு சிரமமே இல்லம்மா” என்றார் பிரிவு அலுவலர். “இணையான சந்து ஏற்கெனவே ஒப்புதல் ஆயிருக்கு. அம்பத் திருப்பிப் போட்டாப் போதும்.”

அச்சகத்துப் பெரியவர் கொடுத்த தண்ணீர் அவள் நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் வாய் திறக்காதவள் அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தச் சந்தில் போக்குவரத்தே கிடையாது, வந்தது அத்தானின் பயிற்சி வண்டிகள், வேண்டுமென்றே ஓட்டவைத்தோம், நின்று நின்று கிளம்பியதைத்தான் உங்கள் ஆள் எண்ணினார் என்றாள். சொல்லிவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று நின்றாள்.

இயக்குநர் கோபப்படவில்லை. பெரிய மனதோடு கேட்டுக்கொண்டார்.

“அது உங்க கருத்து” என்றார். “எண்ணினது நாங்க.”

அவள் படம் போட மறுத்தாள். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை; பழைய படத்தையே கண்ணாடியில் வைத்துப் பார்த்து, பிரிவிலேயே யாரோ அம்பைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பெரிய சாலை முனையிலிருந்தே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அக்கா வாசற்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அச்சகத்துப் பெரியவர் பேரப்பிள்ளைகளோடு மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகக் கேள்வி என்றாள். சந்தின் கடைசியில் அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சுவரோரம் நின்று, ஒவ்வொரு வண்டியாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இடது ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும், நேர் பண்ணுங்க என்று அவர் குரல் கம்மியிருந்தது. ஆனால் முகம் பத்து வயது குறைந்திருந்தது. தேர்ச்சி பெற்றவர்கள் என்று சொல்லிக்கொள்கிற இந்த ஊர்க்காரர்களில் ஒருத்தருக்கும் பின்னால் எடுக்கத் தெரியவில்லை என்று அவளிடம் அங்கலாய்த்தார்.

வரிசையில் நின்ற ஒருவர் கண்ணாடியை இறக்கி அவளைக் கூப்பிட்டார். பின்னிருக்கையில் ஒரு அம்மாள் மடியில் மருத்துவமனைப் பையோடு சாய்ந்திருந்தாள்.

“ஏம்மா, இந்த வழி எங்க போகுது?”

“எங்கயும் போகாதுங்க. கடைசியில சுவர்.”

“அப்புறம் எதுக்கு எல்லாரையும் இப்படித் திருப்பி விட்டிருக்காங்க?”

அவள் எப்படிச் சொல்வதென்று யோசித்தாள். நீளமாகச் சொல்ல முடியாது. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒப்புதல் வாங்கியிருக்குங்க” என்றாள்.

“ஓ, அப்படியா” என்றார் அவர். முகம் தெளிந்தது. பின்னால் திரும்பி, ஒப்புதல் வாங்கித்தான் செய்திருக்கிறார்களாம், பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த அம்மாளுக்குச் சொன்னார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்தார்.